நிழல் யாருக்கு?

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையிலே இன்றும் நிற்கிறது மாடர்ன் தியேட்டர்ஸ் முகப்பு வளைவு. தமிழின் முதல் வண்ணப்படமாம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் உருவானது அந்தப் படநிலையத்திலேதான். படம் பிடிப்போர் அஞ்சும் சொல் ஒன்றுண்டு—'ஓவர் எக்ஸ்போஷர்'! அளவு மீறி ஒளிபட்டால் நெகடிவ் கறுக்கும். அச்சிட்ட படத்திலோ முகம் வெளுக்கும். மூக்கேது, விழியேது என்று தெரியாது. இருட்டிலே மட்டுமா உருவம் மறைகிறது? வெளிச்சத்திலேயும் மறைகிறது!

நாள் தவறாமல் சுவரிலும் ஏட்டிலும் தம் முகமே காட்டுவோரையும் இச்சொல்லால் இடித்துரைப்பதுண்டு. (நம்மவர் சிலருக்கும் பொருந்தும், கோபம் வேண்டாம்!) நாம் சொல்ல வந்தது அதுவன்று.

அதே சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறுங்கள், தோழர்களே! சேர்வராயன் மலையிலே காப்பித் தோட்டம். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த பயிர். அந்தச் செடிக்கும் அளவு மீறிய வெளிச்சம் ஆகாது. இலை கருகும், தண்டைத் துளைக்கும் வண்டு குடியேறும். ஆகவே சில்வர் ஓக் மரங்களை நட்டு, கிளை கழித்து, இவ்வளவு வெயில்தான் இறங்கலாம் என்று கணக்குப் பார்க்கிறார் முதலாளி. செடிக்குக் குடை பிடிக்க மரம்!

பறித்த காப்பியைத் திறந்த களத்திலே கிளறிக் காயவைக்கும் தாய்க்கு? 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் புரட்டினோம். குடை, கம்பளி, மழைக்கோட்டு எல்லாம் இருந்தன—மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்க! வெயிலைப் பற்றி அந்தப் பிரிவிலே ஒரு சொல் இல்லை. வெயில் இல்லாத சீமையிலா சட்டம் எழுதினார்கள்?

மலையடிவாரத்து வெள்ளைக்கல் சுரங்கத்தை எண்ணுங்கள். உச்சியிலே கதிரவன், காலடியிலே கண்ணைக் குத்தும் வெண்பாறை. மேலும் கீழும் தீய்த்த வெளிச்சத்திலே கல் உடைத்தவனுக்கு எந்த மரம் நட்டார்கள்? செடி வாடினால் முதலாளிக்கு நட்டம். கூலியாள் வாடினால் வாசலிலே இன்னொருவன் காத்திருக்கிறான்; கணக்கு அவ்வளவுதான்!

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் மாண்டவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. வரவேற்கிறோம். ஆனால் அது மாண்டபின் வருவது. கோடையிலே நண்பகல் 12 முதல் 3 வரை, களத்திலும் கல்குழியிலும் சாலைப்பணியிலும், கூலி குறையாமல் ஓய்வு. பக்கத்திலே ஒரு நிழற்பந்தல், ஒரு பானைத் தண்ணீர். இதை எழுத்திலே கேட்கிறோம்.