நிவாரணப் பாடம்

அமெரிக்காவில் 1929-ம் வருஷத்தில் ஆரம்பித்துப் பத்து வருஷ காலம் ஜனங்களை வாட்டிய பெரும் பொருளாதார மந்தத்தைப் பற்றியும், அதற்கு அந்நாட்டுச் சர்க்கார் செய்த பரிகாரத்தைப் பற்றியும் அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வருகிறார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் சொல்லுகிற மாதிரி எப்படி என்று பார்த்தால், பல இடங்களில் நிவாரணம், மீட்சி, சீர்திருத்தம் என்று மூன்று வார்த்தைகள். அவற்றின் கீழே ஏ.ஏ.ஏ., சி.சி.சி., டபிள்யூ.பி.ஏ. என்று எழுத்துக் கூட்டங்கள். இவற்றை நெட்டுருப் போட்டுப் பரீட்சையில் எழுதிவிட்டால் ரூஸ்வெல்ட் காலம் தீர்ந்தது. இது நமக்குச் சகஸ்ரநாமம் ஒப்பிப்பது போலவே தோன்றுகிறது. அங்கே புண்ணியம், இங்கே மார்க்கு, வித்தியாசம் அவ்வளவுதான்.

1933 மார்ச்சு 4-ந் தேதி ரூஸ்வெல்ட் பதவி ஏற்றபோது, உழைக்கக் கூடியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. சிக்காகோ நகரத்தில் உபாத்தியாயர்களுக்கே மாதக் கணக்கில் சம்பளம் கொடுபடவில்லை. அவ்வருஷம் ஏப்ரலில் அவர்கள் கூட்டமாகப் பாங்குகளுக்குள் புகுந்து கூலியைக் கேட்டார்கள். பாடம் சொல்லுகிறவனே பட்டினி கிடந்த சங்கதி எந்த எழுத்துக் கூட்டத்தில் அடங்கும்?

ஏ.ஏ.ஏ. என்னும் விவசாயச் சட்டத்தையே எடுத்துக் கொள்ளுவோம். விளைச்சல் மிகுந்து விலை விழுந்துவிட்டது. ஆகையால் சாகுபடியைக் குறைக்கிறவர்களுக்குச் சர்க்கார் பணம் கொடுக்கும் என்பது 1933-ம் வருஷத்து ஏற்பாடு. அவ்வருஷம் சுமார் ஒரு கோடி ஏக்கர் பருத்திப் பயிரை உழுது அழித்தார்கள். சுமார் 60 லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள். ஊர் பட்டினி கிடக்கையில் இப்படியா என்று பையன் கேட்பான். கேட்கட்டும். அந்தக் கேள்வியிலிருந்துதான் விலை என்றால் என்ன, வாங்கச் சக்தியற்றவன் பசிக்குச் சந்தையில் என்ன மதிப்பு என்பதெல்லாம் விளங்கும்.

அதற்கு மேலும் ஒரு கேள்வி உண்டு. அந்தப் பணம் யார் கைக்குப் போயிற்று? நிலச் சொந்தக்காரன் கைக்கு. தென் மாகாணங்களில் உழுதவனோ வாரக் குடியானவன். அவர்களில் கறுப்பரும் உண்டு, ஏழை வெள்ளையரும் உண்டு. அவன் பங்கைப் பல முதலாளிகள் கொடுக்கவே இல்லை. நிலம் தரிசாகக் கிடந்தால் ஆள் எதற்கு என்று குடும்பத்தோடு வெளியேற்றியவர்களும் உண்டு. 1934-ல் ஆர்க்கன்ஸா மாகாணத்தில் டைரன்ஸா என்னும் ஊரில் கறுப்பரும் வெள்ளையருமாகச் சேர்ந்து குடியானவர் சங்கம் கண்டது இதனால்தான். குடியானவன் பக்கம் பேசிய சர்க்கார் வக்கீல்கள் சிலரை 1935 பிப்ரவரியில் அந்த இலாகாவே வீட்டுக்கு அனுப்பிற்று. நிவாரணச் சட்டம் ஒன்று, நிவாரணம் தேவைப்பட்டவனையே தெருவில் விட்ட கதை இது. நூறு எழுத்துக் கூட்டங்களை விட இந்த ஒன்றைத் தெரிந்து கொள்ளுவது மேல் என்பது நமது அபிப்பிராயம்.

1935 ஆகஸ்டில் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் சங்கதியும் இப்படிப்பட்டதே. வயோதிகருக்கு ஓய்வூதியம் என்றார்கள், பெரிய காரியந்தான். ஆனால் வயற்கூலியும் வீட்டு வேலைக்காரரும் அதில் சேர்த்தியில்லை என்று எழுதி விட்டார்கள். கறுப்பு மக்களில் பெரும்பாலோர் செய்த வேலை அவ்விரண்டுமே. தென் மாகாணப் பிரதிநிதிகளின் நிறவெறியே காரணம் என்கிறார்கள் ஒரு சாரார். அப்படிப்பட்ட கூலிகளிடம் வரி வசூலிப்பது கஷ்டம் என்று பொக்கிஷ இலாகா சொன்னதே காரணம் என்கிறார்கள் மற்றொரு சாரார். இரண்டையும் பிள்ளைகள் முன் வைத்து வாதாடச் சொல்லட்டுமே! 1950-லும் 1954-லும் சட்டத்தைத் திருத்தி அவர்களில் பலரைச் சேர்த்துக் கொண்டார்கள் என்பதையும் சொல்லட்டும்.

இதனால் ரூஸ்வெல்ட் செய்ததெல்லாம் வீண் என்று நாம் சொல்ல வரவில்லை. டபிள்யூ.பி.ஏ. 1935 முதல் 1943 வரை சுமார் 85 லட்சம் பேருக்கு வேலை கொடுத்தது. பாங்கில் போட்ட சிறு பணத்துக்குச் சர்க்கார் உறுதி ஏற்பட்டது. ஏழை மாணவர்கள் பள்ளியிலேயே ஏதாவது வேலை செய்து படிப்பைத் தொடர 1935-ல் ஓர் ஏற்பாடு வந்தது. அதில் கறுப்பு இளைஞர்களின் பகுதியை மேரி மக்லியோட் பெத்யூன் என்னும் கறுப்பு அம்மையார் நடத்தினார். 1937-ல் போதும் என்று செலவைச் சுருக்கினார்கள்; மறுபடியும் வேலையில்லாதார் பெருகினார்கள். இவையெல்லாம் மனிதர் செய்தவை, மனிதர் விட்டவை. தலைவிதி எங்கும் குறுக்கிடவில்லை.

பள்ளியில் அரசியல் எதற்கு என்பார்கள் சிலர். இப்படிக் கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். கொலம்பியா சர்வகலாசாலையின் ஆசிரியர் கல்லூரியில் இருந்த ஹரால்ட் ரக் என்பவர், தேசத்தின் செல்வம் யாரிடம் எவ்வளவு இருக்கிறது, விளம்பரம் எதற்காகச் செய்யப்படுகிறது என்றெல்லாம் பிள்ளைகளையே யோசிக்கச் சொல்லிப் பாட புத்தகங்கள் எழுதினார். லட்சக்கணக்கான பிள்ளைகள் படித்தார்கள். வியாபாரக் கூட்டத்தாரும் பழைய படைவீரர் சங்கத்தாரும் தேசத் துரோகம் என்று 1940 வாக்கில் கூச்சலிட்டார்கள். ஊர் ஊராக அப்புத்தகங்கள் எடுக்கப்பட்டன. ஒஹையோ மாகாணத்தில் ஒரு சிற்றூரில் எரிக்கவும் செய்தார்கள். மந்தத்தைப் பற்றிய பாடத்தில் இந்த எரிந்த புத்தகத்தின் கதைக்கும் அரை மணி நேரம் ஒதுக்கும்படி அந்த உபாத்தியாயர்களைக் கேட்டுக் கொள்ளுகிறோம்.