ஓடறது சரி, கணக்கு எங்க?

முதல்லயே சொல்லிடறேன். அப்புறம் யாரும் வந்து "உனக்கு நல்ல காரியமே ஆகாதா?"ன்னு கேக்கக் கூடாது. எனக்கு ஓடப் பிடிக்கும். தீர்த்தமலை ரோட்டுல வாரத்துல நாலு நாள் காலையில ஓடறவதான் நான். பரிசு வாங்கற வேகமெல்லாம் இல்லை. பால்கார அண்ணா டிவிஎஸ்50-ல என்னை முந்திக்கிட்டு போறப்ப "இன்னிக்கும் கடைசியா பாப்பா?"ன்னு கேட்டுட்டுத்தான் போவார். அந்த ரகம்.

இதுவரைக்கும் தர்மபுரி, சேலம் பக்கமா நாலு "நோக்க ஓட்டம்" ஓடியிருக்கேன். புற்றுநோய்க்கு ஒண்ணு, ஹெல்மெட்டுக்கு ஒண்ணு, மரம் வளர்க்க ஒண்ணு, கண்தானத்துக்கு ஒண்ணு. வீட்டுல ரோஸ், நீலம், பச்சை, வெள்ளைன்னு நாலு டி-ஷர்ட் இருக்கு. வெள்ளை இப்ப அப்பாவோட வண்டி துடைக்கற துணி. எல்லாத்துலயும் முன்னாடி ஒரு வாசகம், முதுகு பூரா ஸ்பான்சர் பேரு. நகைக்கடை, ஜவுளிக்கடை, பள்ளிக்கூடம், ரியல் எஸ்டேட். ஒரு ஓட்டத்துல முதுகுல மட்டும் பதினோரு லோகோ எண்ணினேன். எந்த நோக்கத்துக்காக ஓடினோமோ அதுக்கு எவ்வளவு ரூபாய் போச்சுன்னு இந்த நாலுல ஒண்ணுலகூட எனக்குத் தெரியாது. கூட ஓடினவங்களுக்கும் தெரியாது. கேட்டுப் பாத்துட்டுத்தான் சொல்றேன்.

நோட்டீஸ்ல ஒரே ஒரு வரி இருக்கும். "வருமானத்தில் ஒரு பகுதி ஏழை நோயாளிகளுக்கு வழங்கப்படும்." ஒரு பகுதின்னா எவ்வளவுங்க? பாதியும் ஒரு பகுதிதான், அஞ்சு ரூபாயும் ஒரு பகுதிதான். எந்த ஏழை, எந்த ஆஸ்பத்திரி? ஒண்ணும் கிடையாது. அந்தப் புற்றுநோய் ஓட்டத்துல 500 ரூபாய் கட்டிட்டு, நம்பர் அட்டை குடுக்கற மேசையிலயே கேட்டேன். "அதெல்லாம் மேல பேசிக்குவாங்க தங்கச்சி, நீ சைஸ் சொல்லு"ன்னாங்க. மீடியம்னேன், எக்ஸெல் குடுத்தாங்க. ஓட்டம் முடிஞ்சு மெயில் போட்டேன், பதில் இல்லை. மறுபடி போட்டேன். அதுக்கு பதிலா அடுத்த ஓட்டத்துக்கான அழைப்பு வந்துச்சு, முன்கூட்டியே பதிவு பண்ணா நூறு ரூபாய் தள்ளுபடியாம் :-)

சாதாரண கணக்கு ஒண்ணு போடுவோம். 500 ரூபாய் வீதம் ஆயிரம் பேர்னா அஞ்சு லட்சம். இதுல டி-ஷர்ட், மெடல், நம்பர் அட்டை, நேரம் பாக்கற சிப், மேடை, மைக், தண்ணி, வாழைப்பழம், ஆம்புலன்ஸ், விழா நடத்திக் குடுக்கற கம்பெனிக்குக் கூலி எல்லாம் போகணும். போகட்டும், தப்பே இல்லை. ஆனா அப்போ நாம கட்டினது நன்கொடை இல்லை, விலை. ஒரு காலை நேரத்து கொண்டாட்டத்துக்கும் ஒரு சட்டைக்கும் குடுத்த விலை. கோயில் வாசல்ல தேங்கா வாங்கினா அது கடைக்காரருக்குக் குடுத்த காசு, உண்டியல்ல போட்டது இல்லையே? நம்ம ஊர் ஓட்டங்கள்ல இந்த ரெண்டையும் ஒண்ணாக் குழப்பித்தான் நம்மகிட்ட விக்கறாங்க. ஓடி முடிச்சு மெடலோட ஸ்டேட்டஸ் போடறப்ப நாம ஏதோ நாலு உசுரைக் காப்பாத்தின மாதிரி நெஞ்சு நிமிருது பாருங்க, அந்த நிமிர்ச்சிக்கும் சேத்துத்தான் காசு.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவுல 2012-ல 'கலர் ரன்'னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு அஞ்சு கிலோமீட்டர் ஓடணும், வழியெல்லாம் கலர்ப் பொடி தூவுவாங்க. நம்ம ஹோலிதான், கட்டணத்தோட. எந்த ஊருக்குப் போறாங்களோ அந்த ஊர் தொண்டு நிறுவனம் ஒண்ணைக் கூடச் சேத்துக்குவாங்க. ஆனா நடத்தறது லாபத்துக்கு இயங்கற கம்பெனி. அதை அவங்க மறைச்சதும் இல்லை. அந்த வகையில அவங்க நம்ம ஆளுங்களை விட மேல். லாபக் கம்பெனின்னு தெரிஞ்சு காசு குடுக்கறவன் ஏமாறலை.

இப்ப எதிர்ப்பக்கம் வருவோம். இந்த மாதிரி ஓட்டத்துக்கெல்லாம் குலதெய்வம்னு ஒருத்தரைச் சொல்லணும்னா டெர்ரி ஃபாக்ஸ். கனடா பையன், எலும்புப் புற்றுநோயால 1977-ல வலது காலை எடுத்துட்டாங்க. 1980 ஏப்ரல் 12-ஆம் தேதி நியூஃபவுண்ட்லாந்துல கடல்ல செயற்கைக் காலை நனைச்சுட்டு ஓட ஆரம்பிச்சார். அப்ப அவருக்கு 21 வயசு, அதாவது நம்ம செட்டு. தினமும் ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம், 42 கிலோமீட்டர். அந்தக் காலத்து செயற்கைக் கால் ஓடறதுக்குன்னு செஞ்சதே இல்லை, ஒவ்வொரு அடிக்கும் ஒரு குதி குதிச்சுத்தான் போகணும். 143 நாள், 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் 1-ஆம் தேதி தண்டர் பே ஊர்கிட்ட நெஞ்சு வலிச்சு நின்னார். புற்றுநோய் நுரையீரலுக்குப் போயிருந்துச்சு. 1981 ஜூன் 28-ல இறந்துட்டார், 22 வயசுல.

இந்தக் கதையைச் சொன்னா எல்லாரும் அழுவாங்க. நான் சொல்ல வர்றது அழுகை இல்லை, கணக்கு. அவர் வெச்ச இலக்கு ஒரு கனடாக்காரருக்கு ஒரு டாலர். 1981 பிப்ரவரியில அந்த நிதி 2 கோடியே 41 லட்சம் டாலரைத் தாண்டுச்சு, அன்னிக்கு நாட்டு ஜனத்தொகையும் அவ்வளவுதான். இலக்கு என்ன, வந்தது என்ன, எதுக்குப் போகுது (புற்றுநோய் ஆராய்ச்சிக்கு), மூணும் ஊருக்கே தெரியும். 1981-லேர்ந்து அவர் பேர்ல நடக்கற ஓட்டத்துல போட்டி கிடையாது, நுழைவுக் கட்டணம் கிடையாது, சட்டையில கம்பெனி விளம்பரமும் கிடையாது. முடிஞ்சதைக் குடுங்கன்னு கேப்பாங்க, அவ்வளவுதான். நம்ம சென்னையிலயும் ஐஐடி வளாகத்துல இந்த ஓட்டம் நடந்திருக்கு. அப்ப முதுகுல பதினோரு லோகோ இல்லாமலும் ஓட்டம் நடத்த முடியும்!

பிரிட்டன்ல 'ரேஸ் ஃபார் லைஃப்' 1994-ல லண்டன் பூங்கா ஒண்ணுல 680 பொண்ணுங்களோட ஆரம்பிச்சது. அதை நடத்தறது புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பேதான், நடுவுல யாரும் இல்லை. அங்கெல்லாம் பழக்கம் என்னன்னா, ஓடறவங்க சொந்தக்காரங்க, ஆபீஸ்காரங்கன்னு ஒவ்வொருத்தரா பாத்து "நான் ஓடறேன், நீ இவ்வளவு குடு"ன்னு கேப்பாங்க. நிஜமான வேலை அதுலதான் இருக்கு. அஞ்சு கிலோமீட்டர் ஓடறது சுலபம், அம்பது பேர்கிட்ட கூச்சப்படாம காசு கேக்கறதுதான் கஷ்டம். 2004-ல தொடங்கின மும்பை மாரத்தான்லயும் நுழைவுக் கட்டணம் வேற, இப்படித் திரட்டற நன்கொடை வேற. எந்தத் தொண்டு நிறுவனத்துக்கு எவ்வளவு வந்துச்சுன்னு பட்டியலே போடறாங்க.

அதெல்லாம் பெரிய ஊருன்னு சொல்லாதீங்க. கோயம்புத்தூர் மாரத்தான் 2013-ல ஆரம்பிச்சது, அதுக்குப் பின்னாடி இருக்கறது கோயம்புத்தூர் கேன்சர் ஃபவுண்டேஷன். யாருக்காக ஓடறோம்னு அங்க சந்தேகமே வராது. 2023 ஆகஸ்ட்ல சென்னையில கலைஞர் நூற்றாண்டு மாரத்தான் நடந்துச்சு. எழுபதாயிரம் பேருக்கு மேல பதிவு பண்ணி கின்னஸ்ல ஏறுச்சு. கட்சித் தலைவர் பேர்ல எதுக்கு ஓட்டம்னு நீங்க கேக்கலாம், கேளுங்க, நானும் கேப்பேன். ஆனா பதிவுக் கட்டணமா வந்த மூணு கோடி ரூபாய்க்கு மேலான தொகை சுகாதாரத் துறைக்குன்னு தொகையோட வெளியில சொன்னாங்க. அரசியல்வாதி சொல்ற கணக்கைக்கூட நம்ம சங்கங்கள் சொல்றதில்லைங்கறதுதான் எனக்கு எரியுது.

காசே வாங்காத ஓட்டங்கள் இன்னொரு வகை. அதுக்குப் பேரு "விழிப்புணர்வு". வி.ஐ.பி. கார்ல ஒரு மணி நேரம் லேட்டா வந்து கொடியசைப்பார். சுற்றுச்சூழல் ஓட்டத்துல பிளாஸ்டிக் பலூன் பறக்க விடுவாங்க (சத்தியமா பாத்தேன்). கல்லூரியிலேர்ந்து வண்டி வண்டியா நம்மளைக் கூட்டிட்டுப் போவாங்க. வரலைன்னா அட்டெண்டன்ஸ் இல்லை, வந்தா ஒரு ஜூஸ் பாக்கெட். கட்டாயப்படுத்தி ஓட வெச்ச பையன் எதைப் பத்தி விழிப்படைஞ்சான்னு நினைக்கிறீங்க? ரெண்டாவது கிலோமீட்டர்ல டீக்கடை இருக்குங்கறதைப் பத்தி.

எல்லா விழிப்புணர்வும் வீண்னு சொல்லலை. பாம்பு கடிச்சா கயிறு இறுக்கிக் கட்டாதே, மந்திரிக்கப் போகாதே, நேரா ஆஸ்பத்திரிக்கு போ. இந்த ஒரு சேதி சித்தேரி மலை வரைக்கும் போய்ச் சேந்தா உசுரு பிழைக்கும். தெரியாததாலதான் சாவுங்கற இடத்துல சொல்லிக் குடுக்கறது மருந்து. ஆனா நம்ம மாவட்டத்தையே எடுத்துக்கங்க. தர்மபுரின்னா ஃபுளோரைடு. போர்த் தண்ணி குடிச்சுப் பல்லுல கறை, வயசானா மூட்டு இறுகி நடக்க முடியாது. இது எங்க பாட்டிக்கும் தெரியும், அவங்க பல்லைப் பாத்த எனக்கும் தெரியும். "ஃபுளோரைடை ஒழிப்போம்"னு நாங்க ஊரோட ஆயிரம் தடவை ஓடியிருந்தாலும் ஒரு குடம் நல்ல தண்ணி வந்திருக்காது. வந்தது எப்படி? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2008-ல அடிக்கல், ஜப்பான் கடன், 1,900 கோடி ரூபாய்க்கு மேல செலவு, 2013-ல திறப்பு. குழாய் வந்துச்சு, காவிரி வந்துச்சு. பிரச்சனை தெரியாம இருக்கறதா, இல்ல வசதி இல்லாம இருக்கறதான்னு பிரிச்சுப் பாக்காம எல்லாத்துக்கும் ஒரு ஓட்டம் விட்டா, செய்ய வேண்டியவங்க கொடியசைச்சுட்டு வீட்டுக்குப் போயிடலாம். அவங்களுக்கு வசதி அதுதான்.

அந்த ரோஸ் சட்டை ஓட்டத்துல மார்பகப் புற்றுநோய் பத்தி நோட்டீஸ் குடுத்தாங்க. கட்டி இருக்கான்னு பாருங்க, பரிசோதனை பண்ணுங்கன்னு இருந்துச்சு. சரி. அரூர்லேர்ந்து போறவ எந்த ஆஸ்பத்திரிக்கு, என்னைக்குப் போகணும், எவ்வளவு ஆகும்? ஒரு வரி இல்லை. பின்பக்கம் முழுசா நகைக்கடை விளம்பரம். தங்கச்சியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954-ல அடையாறுல ஆஸ்பத்திரியே கட்டி எழுப்பினாங்க. நம்மால ஒரு நோட்டீஸ்ல விலாசம் போட முடியலை.

ஒரு விஷயம் மட்டும் இந்த ஓட்டங்களுக்கு சாதகமா சொல்லியே ஆகணும். எங்க ஊர்ல காலையில அஞ்சு மணிக்கு ரோட்டுல ஓடறது யாருன்னு பாத்தா பெரும்பாலும் போலீஸ் வேலைக்கும் ஆர்மிக்கும் தயாராகற பசங்க. ஏழு நிமிஷத்துல 1500 மீட்டர், அது அவங்களோட சோறு. பொண்ணுங்களுக்கு 400 மீட்டர் ரெண்டரை நிமிஷம், அதுக்காக சில அக்காங்க வருவாங்க. இதுல எதுவுமே இல்லாம, சும்மா பிடிச்சிருக்குன்னு ஒரு பொண்ணு டிராக் பேண்ட் போட்டுக்கிட்டு ஓடினா ஊர் ஏதாவது சொல்லும். நான் முதல் தடவை கேட்டப்ப அம்மா விடலை. "கேன்சருக்காக ஓடறாங்கம்மா"ன்னதும் விட்டாங்க. எங்க கிளாஸ்ல இன்னும் மூணு பேர் இப்படித்தான் வெளியில வந்தாங்க. எங்களுக்கு அந்த நோக்கம் ஒரு அனுமதிச் சீட்டு. தொட்டில் குழந்தைத் திட்டம் தேவைப்பட்ட மாவட்டத்துல பொண்ணுங்க நடுரோட்டுல ஓடறது சின்ன விஷயம் இல்லைன்னு எனக்கும் தெரியும்.

அதுக்காக அந்தச் சீட்டுக்கு நோயாளி பேரை ஏன் எழுதணும்? ஓடறதுக்காகவே ஓட்டம் நடத்துங்களேன். ஆரோவில்ல 2008-லேர்ந்து ஒரு மாரத்தான் நடக்குது, நேரம் பாக்கறதில்லை, பரிசு கிடையாது, ஓடற சந்தோஷம்தான் எல்லாம். "அரூர் பெண்கள் ஓட்டம்"னு வெச்சா நான் 500 இல்ல, 600 குடுத்துட்டு வர்றேன். அது நேர்மையான வியாபாரம்.

"ஏதோ கொஞ்சமாவது நல்லது நடக்குதுல்ல, ஏன் நோண்டற?"ன்னு ஒரு சீனியர் அண்ணா கேட்டார். எங்க தெரு மாரியம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி வசூல் பண்ணுவாங்க. திருவிழா முடிஞ்ச வாரமே கோயில் முன்னாடி உக்காந்து கணக்கு படிப்பாங்க. வாணவேடிக்கை இவ்வளவு, பந்தல் இவ்வளவு, மேளம் இவ்வளவு, மிச்சம் இவ்வளவு, யார் கையில இருக்கு. அம்பது ரூபாய் இடிச்சாகூட மைக்கைப் பிடுங்கி சண்டை போடற ஊரு இது. கல்யாணத்துல நூத்தியொரு ரூபாய் மொய் வெச்சாலும் பேரு, ஊரு, தொகை நோட்டுல ஏறணும். இவ்வளவு கறாரான ஜனங்க, இங்கிலீஷ்ல 'ரன்'னு பேரு வெச்சு மெடல் குடுத்ததும் வாயை மூடிக்கறோம். அண்ணா, மாரியம்மன்கிட்டயே கணக்கு கேக்கறவங்க இவங்ககிட்ட கேட்டா என்ன?

பஸ் ஸ்டாண்டு சுவத்துல அடுத்த ஓட்டத்துக்கு போஸ்டர் ஒட்டியிருக்காங்க. சட்டை கலர் இருக்கு, மெடல் படம் இருக்கு, ஏழு லோகோ இருக்கு. பணம் யாருக்குப் போகுதுன்னு இல்லை, ஆனா கீழ போன் நம்பர் இருக்கு. நாளைக்குக் கூப்பிட்டு, போன தடவை எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு செலவு, எந்த ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு குடுத்தீங்கன்னு கேக்கப் போறேன். சொன்னா அன்னிக்கே பணம் கட்டுவேன். கிளாஸ் மக்களே, நீங்களும் ஆளுக்கு ஒரு போன் போடுங்க.