கூரைச் சன்னலும் காற்றுப் பையும்

அம்பாசிடரும் பியட்டும் நம் சாலைகளில் ஓடிக்கொண்டிருந்த நாள்களில் கார் வாங்குவோர்க்கு ஒரே கவலைதான் இருந்தது: வண்டி எப்பொழுது கைக்கு வந்து சேரும் என்பதே அது. நிறத்தைத் தேர்ந்தெடுப்பதே பெரிய உரிமையாகக் கருதப்பட்ட காலம் அது. இன்றோ நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. ஒரே பெயர் கொண்ட வண்டி ஆறு வகைகளிலும் எட்டு வகைகளிலும் வருகின்றது. அடி வகைக்கும் உச்சி வகைக்கும் இடையே விலை பல லட்சம் வேறுபடுகின்றது. இந்த இடைவெளியில் அடுக்கி வைக்கப்பட்டிருப்பவற்றுள் எவை தேவை, எவை வெறும் அலங்காரம் என்று பிரித்தறிவது எளிதன்று.

இதனை எழுதத் தூண்டியது சென்ற திங்களில் நம் இல்லத்திற்கு வந்த ஒரு குடும்பம். கணவர் கூட்டுறவுத் துறையில் பணிபுரிபவர், மனைவி ஆசிரியை. காரை நாள்தோறும் ஓட்டப்போகிறவர் அவ்வம்மையார்தான். உடன், முழங்கால் வலியால் வருந்தும் அப்பாயி. கல்லூரியில் சேரவிருக்கும் மகள். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன். மூன்று வகைகளின் விலைப்பட்டியலைக் கொண்டுவந்து நம் முன் விரித்தனர். நடு வகை 9 லட்சத்து 90 ஆயிரம். உச்சி வகை 11 லட்சத்து 20 ஆயிரம். "வித்தியாசம் ஒன்றேகால் லட்சம் சொச்சந்தான் சார், எடுக்கிறது எடுக்கிறோம், நல்லதாகவே எடுத்துவிடலாமே" என்று ஷோரூமில் கூறினார்களாம். மகனுடைய மனமோ கூரையில் திறக்கும் கண்ணாடிச் சன்னலிலேயே இருந்தது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். தமிழகத்தில் 2023 நவம்பரில் திருத்தப்பட்ட சாலை வரி விகிதத்தின்படி, ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையிலான காருக்கு 13 விழுக்காடு, அதைத் தாண்டி இருபது லட்சம் வரையிலான காருக்கு 18 விழுக்காடு வரி. ஆகவே நடு வகைக்கு வரி 1,28,700 ரூபாய். உச்சி வகைக்கோ 2,01,600 ரூபாய். வரியில் மட்டுமே 72,900 ரூபாய் கூடுகின்றது. விலை வேறுபாட்டையும் சேர்த்தால் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிடும். காப்பீட்டுத் தொகையும் விலையை ஒட்டி உயரும். இந்த இரண்டு லட்சத்தை ஒன்பது விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக வாங்கினால் மாதந்தோறும் ஏறத்தாழ 4,200 ரூபாய் செலுத்த வேண்டும். முடிவில் கையை விட்டுப் போவது இரண்டரை லட்சம். அதே ஐந்தாண்டுகளில்தான் மகளின் கல்லூரிக் கட்டணமும் வரப்போகின்றது. "ஒன்றேகால் லட்சம் சொச்சம்" என்ற சொல்லுக்குள் இவ்வளவும் ஒளிந்திருப்பதை அக்குடும்பத்தார் அதுவரை எண்ணிப் பார்க்கவில்லை. விலை பத்து லட்சத்தை ஒட்டி நிற்கும் வண்டியை வாங்குவோர் யாவரும் இக்கணக்கைத் தாளில் போட்டுப் பார்ப்பது நலம்.

ஆனால் பணத்தை மிச்சப்படுத்துவது ஒன்றே குறிக்கோளானால் அடி வகையை வாங்கிவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கும் நாம் உடன்படுவதற்கில்லை. விருப்பப்பட்டால் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு காலத்தில் ஒதுக்கி வைக்கப்பட்ட பொருள்களுள் சில, உயிர் காப்பவை என்று பின்னர் விளங்கியதே மோட்டார் வண்டியின் வரலாறு. 1956ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் இருக்கைப் பட்டையைக் கூடுதல் விலைக்குத் தரும் விருப்பப் பொருளாகவே விற்றது. பாதுகாப்பைச் சொல்லிக் கார் விற்க முடியாது என்ற எண்ணம் அந்நாட்டுத் தொழிலதிபர்களிடையே நெடுங்காலம் நிலவியது. 1959இல் சுவீடன் நாட்டு வோல்வோ நிறுவனத்தில் பணியாற்றிய நில்ஸ் போலின் என்னும் பொறியாளர், தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனைப் பட்டையை உருவாக்கினார். அதன் காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்தும் வண்ணம் வோல்வோ திறந்துவிட்டது. இன்று நாம் சீட் பெல்ட் என்று வழங்குவது அதுவே.

காற்றுப் பையின் கதையும் ஏறக்குறைய இதுவே. 1974 முதல் 1976 வரை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் பெரிய கார்கள் சிலவற்றில் அதனை விருப்பப் பொருளாகத் தந்தது. ஆண்டுக்கு ஒரு லட்சம் விற்கும் என்று எதிர்பார்த்த அந்நிறுவனம், மூன்றாண்டுகளில் விற்றது ஏறத்தாழ பத்தாயிரமே. அழகிய மெத்தைக்கும் வானொலிக்கும் தாராளமாகக் கொடுத்த மக்கள், என்றோ ஒரு நாள் பயன்படக்கூடிய பைக்குக் கொடுக்க மனம் கொள்ளவில்லை. அவர்களைக் குறை சொல்ல நமக்குத் தகுதியில்லை. நம் ஊரிலும் அதுவே நிகழ்ந்தது. 2014 சனவரியில் குளோபல் என்கேப் என்னும் அமைப்பு, நம் நாட்டில் மிகுதியாக விற்ற ஐந்து சிறு கார்களின் அடி வகைகளை மோதிச் சோதித்தது. ஐந்தும் வயதுவந்தோர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. அவற்றுள் ஒன்றான வோக்ஸ்வாகன் போலோவை, முன்னால் இரண்டு காற்றுப் பைகள் பொருத்திய நிலையில் மறுபடி சோதித்தபொழுது நான்கு நட்சத்திரங்கள் கிடைத்தன. பை இல்லாத வகையை அந்நிறுவனம் விற்பனையிலிருந்தே விலக்கிக்கொண்டது. அதன் பின்னரே சட்டம் மெல்ல மெல்லக் கண் திறந்தது. ஓட்டுநருக்கான காற்றுப் பை 2019 சூலை முதலும், அருகில் அமர்பவருக்கானது 2021 முடிவிலும் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமாயின. பிரேக்கை அழுத்தும்பொழுது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், 2019 ஏப்ரலிலிருந்து யாவற்றிலும் உண்டு. ஆதலின் இவற்றுக்காக இனி உச்சி வகையை நாட வேண்டியதில்லை.

எனினும் சட்டத்தின் எல்லைக்கு அப்பாலும் சில உள. அவற்றுள் தலையாயது வண்டி நிலைகுலையாமல் காக்கும் ஈஎஸ்சி என்னும் அமைப்பு. 1997 அக்டோபரில் சுவீடன் நாட்டு இதழொன்று, சாலையில் திடீரெனக் காட்டுமான் குறுக்கிட்டால் வண்டி எப்படித் திரும்பும் என்று சோதிக்கையில், மெர்சிடிஸ் நிறுவனத்தின் புத்தம்புதிய ஏ-கிளாஸ் கார் குடை சாய்ந்தது. அந்நிறுவனம் விற்பனையைச் சில வாரம் நிறுத்தி, பெரிய கார்களில் மட்டும் வைத்திருந்த இவ்வமைப்பை அச்சிறு காரின் எல்லா வகைகளிலும் பொருத்தித் தந்தது. நம் சாலையில் காட்டுமான் இல்லை. ஆனால் வெள்ளாடு உண்டு, மாடு உண்டு, கைகாட்டாமல் குறுக்கே திரும்பும் இரு சக்கர வண்டி உண்டு. ஓட்டுநர் பதறி வளைக்கும்பொழுது, தேவையான சக்கரத்தை மட்டும் தனியே பிடித்து வண்டியை நேர்ப்படுத்துவது இதன் வேலை. பக்கவாட்டில் மோதும்பொழுது விரியும் பைகள், பின் இருக்கையின் நடுவிலும் மூன்று முனைப் பட்டை, குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி ஆகியவற்றையும் விலைப்பட்டியலில் தேடிப் பாருங்கள். பல நிறுவனங்கள் இப்பொழுது இவற்றை எல்லா வகைகளிலும் தருகின்றன.

தராத நிறுவனங்களும் உண்டு என்பதே நம் மனத்தை உறுத்துவது. பக்கவாட்டுப் பை வேண்டுமென்றால் கூரைச் சன்னலையும், வண்ண விளக்கையும், அகலத் திரையையும் சேர்த்தே வாங்கு என்று கட்டி விற்பது, மருந்து வேண்டுவோனிடம் மிட்டாயையும் வாங்கினால்தான் தருவேன் என்பதற்கு ஒப்பாகும். அங்ஙனம் நேருமாயின் வேறு நிறுவனத்தின் வண்டியைப் பாருங்கள் என்பதே நம் ஆலோசனை.

இனி, அன்றாட வசதிகளுக்கு வருவோம். ஓட்டுநர் இருக்கையை உயர்த்தித் தாழ்த்தும் நெம்புகோலை விற்பனையாளர் எவரும் பெரிதாகச் சொல்வதில்லை, நாம் சொல்வோம். உயரம் குறைந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், தலையணை வைத்து ஓட்டும் அவலத்தை இது நீக்குகின்றது. முதுகு வளையாமல், பானெட் முனை தெரிய ஓட்ட இதைவிடப் பயன் தரும் பொருள் வேறில்லை. பின்கதவு உயர்த்தித் திறக்கும் சிறு கார்களில் பின் கண்ணாடித் துடைப்பானும், கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் கம்பியும் அவசியம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஓட்டியவரும், கொடைக்கானல் மலைப்பாதையில் மூடுபனியில் சிக்கியவரும் இதனை மறுக்கமாட்டார்கள். பின்னால் பார்க்கும் காமிராவும் நன்று. வீட்டு வாசலில் தவழும் பிள்ளை கண்ணாடியில் தெரியாது, திரையில் தெரியும். அப்பொழுதும் இறங்கி ஒருமுறை பார்ப்பவரே நல்ல ஓட்டுநர்.

அலாய் சக்கரம் பார்வைக்கு அழகு. ஆனால் குழியில் விழுந்தால் இரும்புச் சக்கரம் நெளியும், தட்டி நிமிர்த்திவிடலாம். அலாய் விரிசல் விட்டால் பெரும்பாலும் மாற்ற வேண்டியதுதான். தோல் போன்ற உறை நம் வெயிலில் நண்பகல் நிறுத்திவிட்டு வந்து அமர்பவரைச் சுடும். தாமாக எரியும் விளக்கும், தாமாக ஓடும் துடைப்பானும் கைக்கு எட்டும் ஒரு திருகை மிச்சப்படுத்துவதன்றி வேறொன்றும் செய்வதில்லை.

கூரைச் சன்னலுக்கு வருவோம். குளிர் நாடுகளில் சூரியனைக் காண ஏங்குவோர்க்கு அது பொருள் உள்ளது. ஆண்டில் பெரும்பகுதி சூரியனிடமிருந்து ஒளிந்து வாழும் நமக்கு, திரையை இழுத்து மூடியே வைத்திருக்கும் சன்னல் எதற்கு? அதன் ஓரத்தில் மழைநீர் வடியும் குழாய்களில் புழுதியும் சருகும் அடைத்தால் நீர் உள்ளே சொட்டும். இவற்றைவிட நாம் அஞ்சுவது வேறு. ஓடும் வண்டியின் கூரைக்கு மேல் பிள்ளைகள் நெஞ்சளவு எழும்பி நின்று கையசைப்பதைத் திருமண ஊர்வலங்களில் கண்டிருக்கின்றோம். அவ்வேளை பிரேக் அடித்தால் அப்பிள்ளையை எந்தப் பட்டையும் எந்தப் பையும் காக்கப்போவதில்லை.

அகலத் தொடுதிரையைப் பற்றியும் ஒரு சொல். 2022இல் வீ பிலேகரே என்னும் சுவீடன் இதழ் ஒரு சோதனை நடத்தியது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியவாறே சூடேற்றி, வானொலி முதலியவற்றை இயக்கும் நான்கு சிறு வேலைகள். பொத்தான்கள் கொண்ட 2005ஆம் ஆண்டு வோல்வோவில் அவற்றை முடிக்கப் பத்து விநாடி போதுமாயிருந்தது. தொடுதிரை கொண்ட புதிய கார் ஒன்றில் நாற்பத்தைந்து விநாடி ஆயிற்று. அதற்குள் வண்டி 1,300 மீட்டருக்கு மேல் ஓடிவிட்டது! பழைய பொத்தான்கள் விரலுக்குத் தாமே தெரியும். திரையோ கண்ணைக் கேட்கும். ஆகவே குளிர்சாதனத்திற்கும் ஒலி அளவுக்கும் திருகுகள் உள்ள வண்டியைத் தேடி வாங்குவது பழமைவாதம் ஆகாது.

வாங்கிய பின்னர்க் கடையில் பொருத்துபவை பற்றியும் எச்சரிக்க வேண்டும். இருக்கையின் ஓரத்தில் பக்கவாட்டுப் பை மடித்து வைக்கப்பட்டிருந்தால், சாதாரண உறையை இறுக்கி மாட்டுவது அப்பை விரிய வேண்டிய வழியை அடைத்துவிடும். முன்னால் இரும்புக் கம்பி மாட்டுவது மோதலை அறியும் கருவிகளைக் குழப்பக்கூடும். நடந்து செல்வோர்க்கும் அது ஆபத்து. இதனைத் தடுக்குமாறு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. நம் குடும்பங்கள் பலவற்றில் முன் கண்ணாடியில் செபமாலை தொங்குவது வழக்கம். அதனை அகற்றச் சொல்லோம். ஓட்டுபவர் கண்ணுக்கு நேரே ஊசலாடாமல் சற்றுக் குறுக்கிக் கட்டுங்கள் என்றே வேண்டுகின்றோம்.

அக்குடும்பத்தார் நடு வகையையே வாங்கினர். அதில் ஆறு காற்றுப் பைகளும், ஈஎஸ்சியும், பின் துடைப்பானும், உயரும் இருக்கையும் இருந்தன. கூரை மட்டும் மூடியிருந்தது. மகன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். சென்ற ஞாயிறு வண்டியை நமக்குக் காட்ட வந்தனர். அப்பாயி பின் இருக்கையில் அமர்ந்து, "இத்தனை காலம் பஸ்சிலே போனேன், இந்த வாரெல்லாம் எனக்கு எதுக்கு?" என்று பட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தார். பின்னால் இருப்பவர் பட்டை அணியாவிட்டால் முன்னால் இருப்பவர் மீதே எறியப்படுவார் என்பதை நாம் விளக்க வாயெடுக்குமுன், அம்மகன் குனிந்து, "அப்பாயி, கையைத் தூக்குங்க" என்று தானே பூட்டிவிட்டான். ஆசிரியையார் இருக்கையை இரண்டு பிடி உயர்த்திக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.