குடும்ப நலம்: திரை வழியே வரும் உடற்பயிற்சி



"வீட்டு வேலையே போதிய உடற்பயிற்சி அல்லவா?" என்று தாய்மார் பலர் கேட்பதுண்டு. நாள் முழுதும் நின்று உழைப்பவரிடம் பயிற்சியும் செய்யுங்கள் என்று கூற நமக்கும் மனம் வருவதில்லை. ஆயினும் உண்மை வேறு. வீட்டு வேலை உடலுக்குக் களைப்பைத் தருகிறது. தசைகளை வலுப்படுத்தும் அளவுக்குப் படிப்படியாகக் கூடும் சுமையைத் தருவதில்லை. மாதவிலக்கு நின்றபின் சில ஆண்டுகள் எலும்பின் அடர்த்தி விரைந்து குறைகிறது. அப்போது குளியலறையில் வழுக்கி விழுந்தாலே இடுப்பெலும்பு முறியக்கூடும்.

ஆகவேதான் உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறைகள், நடைபோன்ற மிதமான பயிற்சியை வாரத்திற்கு 150 நிமிடங்களேனும் செய்வதோடு, இரண்டு நாள்களாவது தசைகளை வலுவூட்டும் பயிற்சியும் தேவை என்கின்றன. 65 வயது கடந்தோர் நிலைதடுமாறாமல் நிற்கும் பயிற்சியை வாரம் மூன்று நாள் செய்தல் வேண்டும்.

அதே 2020இல் கொரோனாத் தொற்று பயிற்சிக் கூடங்களை மூடியபோது, பயிற்சி கைபேசித் திரை வழியே இல்லங்களுக்குள் வந்தது. இன்று நம்முன் மூன்று வழிகள் உள்ளன. பதிவு செய்த காணொளிக்குச் செலவில்லை, விரும்பிய நேரத்தில் பார்க்கலாம். ஆனால் நம் முதுகு தவறாக வளைந்தால் அது அறியாது. செயலி, செய்த அளவைக் குறித்து வைத்து அடுத்த படியைச் சொல்லும். அதுவும் பெரும்பாலும் நம்மைக் காண்பதில்லை. நேரலை வகுப்பில் பயிற்றுநர் நம்மைக் கண்டு திருத்துவார். கட்டணமும் குறித்த நேரமும் அதற்குரிய விலை. அதிலும் ஒரே வகுப்பில் நூறு பேர் இருப்பின், திருத்துவது எங்ஙனம்?

இவற்றை எடைபோட ஓர் ஆய்வு நமக்கு உதவும். ஆஸ்திரேலியாவின் க்ரிஃபித் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட அந்த ஆய்வில், மாதவிலக்கு நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்கள் பங்குகொண்டனர். ஒரு சாரார் வாரம் இருமுறை, அரைமணி நேரம், பயிற்றுநரின் கண்முன் கனத்த எடைகளைத் தூக்கினர். மற்றவர் இல்லத்திலேயே இலேசான பயிற்சி செய்தனர். எட்டு மாதங்களில் முன்னவரின் கீழ் முதுகெலும்பு அடர்த்தி 2.9 விழுக்காடு கூடிற்று, பின்னவருக்கு 1.2 விழுக்காடு குறைந்தது. இது திரைவழிப் பயிற்சி அன்று. எனினும் பாடம் தெளிவு. சுமை படிப்படியாகக் கூடவேண்டும். காணும் கண் ஒன்று வேண்டும்.

எனவே வியர்வையையும் இசையையும் கண்டு மயங்காமல், இவ்விரண்டும் உண்டா என்று கேட்போம். முதல் சில மாதங்கள் சிறிய நேரலை வகுப்பில் முறையைக் கற்று, பின்னர் காணொளியைத் துணைகொள்வது சிக்கனமான வழி. தூக்கிய எடையை ஒரு குறிப்பேட்டில் எழுதி வரலாம். எலும்புத் தேய்வோ, இதய நோயோ, இரத்த அழுத்தமோ உள்ளவர் முதலில் மருத்துவரைக் கலந்துகொள்க.

இறுதியாக, கணவன்மாருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். கட்டணம் செலுத்திவிட்டால் மட்டும் போதாது. வாரத்தில் இருமுறை அந்த அரைமணி நேரம் அடுப்படியை நாம் ஏற்றுக்கொண்டாலன்றி, எந்த முறையும் அத்தாய்க்குப் பயன்படாது.