இந்த வயசுல எதுக்கு?

முப்பது தாண்டினாலே 'இனிமே என்ன இருக்கு?' என்று நினைக்கிறோம். மலேசியாவின் கிள்ளானில் பிறந்த ஜே.ஒய்.பிள்ளை, 1972 முதல் 1996 வரை சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தலைவர். உள்ளூருக்குள் பறக்கவே இடமில்லாத குட்டி நாட்டின் கம்பெனியை உலகமே மெச்சும்படி வளர்த்தார். அப்புறம் 62 வயதில், லண்டனுக்கு சிங்கப்பூர் தூதராகப் போனார்! 2017-ல், 83 வயதில், சில நாட்கள் தற்காலிக ஜனாதிபதியாகவும் இருந்தார்.

எங்கள் மலையிலோ, பத்தாவதோடு நின்ற பெண் ப்ளஸ் டூ தனித்தேர்வு எழுதுறேன்னா, வீட்டிலேயே 'இந்த வயசுல எதுக்கு?' என்கிறார்கள். அவருக்குப் படிப்பும் பதவியும் கைகொடுத்தன. நமக்கு அதெல்லாம் இல்லைதான். ஆனால் வரவு செலவு பார்ப்பதும், நாலு பேரை அனுசரித்துப் போவதும் நமக்குத் தெரியாததா? நான் பரீட்சைக்குப் பணம் கட்டிட்டேன். நீங்களும் கிளம்புங்க தோழிகளே!

- ஒரு வாசகி, மாரமங்கலம்.