வடிவம் மட்டும் போதாது, வேகமும் தெரிய வேண்டும்

புரதங்களின் வடிவத்தைக் கணினியால் கணித்ததற்கு 2024இல் வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதி கிடைத்தது. இனி மூலக்கூறுகளை ஆய்வுக்கூடத்தில் அளந்துகொண்டிருப்பது வீண்செலவு என்று சிலர் கருதக்கூடும். ஆர்என்ஏ விஷயத்தில் அது ஆபத்தான முடிவு. ஒற்றை இழையான ஆர்என்ஏ எவ்வளவு வேகமாக மடிகிறது என்பதும் அதன் வேலையைத் தீர்மானிக்கிறது. பாக்டீரியாக்களில் மரபணுவைக் கட்டுப்படுத்தும் ஆர்என்ஏ பகுதியான எஃப்எம்என் ரிபோஸ்விட்சே இதற்குச் சான்று. வைட்டமின் பி2விலிருந்து உருவாகும் எஃப்எம்என் போதுமான அளவு இருந்தால், அது ஆர்என்ஏவில் ஒட்டி, மேற்கொண்டு உற்பத்தி வேண்டாம் என்று மரபணுவை நிறுத்துகிறது. ஆனால் பாலிமரேஸ் என்ற நொதி இழையை எழுதிக்கொண்டே முன்னேறுகிறது. அது குறிப்பிட்ட இடத்தைத் தாண்டுவதற்குள் எஃப்எம்என் ஒட்டி, இழை மடிந்தாக வேண்டும். தாமதமானால் மரபணு முழுமையாக எழுதப்பட்டுவிடும். இறுதி வடிவத்தின் படத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இந்தப் பந்தயம் அதில் தெரியாது.

அதைக் காட்டவல்லது அதிவேக நிறமாலையியல். இதில் பயன்படும், கரைசலைத் திடீரெனச் சூடாக்கி மாற்றத்தைத் தொடரும் வழியை வகுத்தவர், மிக வேகமான வேதிவினைகளை ஆராய்ந்ததற்காக 1967இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான மான்ஃப்ரெட் ஐகன். இன்று ஓர் அகச்சிவப்பு லேசர் துடிப்பு, கரைசலைச் சில நானோநொடிகளில் ஏறத்தாழ பத்து டிகிரி சூடாக்கிவிடுகிறது. மடிந்த இழைகளில் ஒரு பகுதி அவிழ்கிறது. மடிப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்து இப்போது விலகிய ஆர்என்ஏ காரங்கள் புற ஊதா ஒளியைக் கூடுதலாக உறிஞ்சுகின்றன. அந்த மாற்றத்தின் வேகத்திலிருந்து மடியும் வேகத்தையும் அவிழும் வேகத்தையும் கணக்கிடலாம். சிறிய கொண்டையூசி மடிப்புகள் மைக்ரோநொடிகளில் உருவாவது இப்படித்தான் தெரியவந்தது. டெட்ராஹைமினா என்ற ஒருசெல் உயிரியின் ரிபோசைம் (வினையூக்கியாகச் செயல்படும் ஆர்என்ஏ) போன்ற பெரிய மூலக்கூறுகளோ தவறான மடிப்பில் சிக்கிப் பல நிமிடங்கள்கூடத் தேங்குவதை வேறு சோதனைகள் காட்டியுள்ளன.

இந்த வேகங்களையும் செயற்கை நுண்ணறிவு கணித்துவிடாதா என்று கேட்கலாம். எந்தக் கணிப்பும் அளந்த தரவிலிருந்தே கற்கிறது. புரத வடிவங்களோடு ஒப்பிட்டால் ஆர்என்ஏ வடிவங்கள் பற்றிய தரவே சொற்பம். மடியும் வேகம் பற்றியது அதைவிடக் குறைவு. செல்லின் நெரிசலுக்கும் சோதனைக்குழாயின் தூய கரைசலுக்கும் தொடர்பில்லை என்ற ஆட்சேபம் வலுவானது. ஆனால் ஆர்என்ஏ தனியே மடியும் வேகம் தெரிந்தால்தான், செல்லின் புரதங்கள் அதை எவ்வளவு மாற்றுகின்றன என்று சொல்ல முடியும். இது ஏட்டறிவோடு நிற்பதும் அல்ல. எஃப்எம்என் ரிபோஸ்விட்சைக் குறிவைக்கும் ரிபோசில் என்ற பாக்டீரியா எதிர்ப்புச் சேர்மத்தை மெர்க் மருந்து நிறுவன ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டனர். முடிவு நொடிகளில் எடுக்கப்படும் இடத்தில், இறுக்கமாக ஒட்டினாலும் மெதுவாக ஒட்டும் மருந்து தோற்றுவிடலாம். ஆகவே ஆர்என்ஏ மருந்தாய்வுக்கு நிதி ஒதுக்கும் அரசுகள், கணினிகளுக்குத் தரும் அதே முன்னுரிமையை இந்த வேகங்களை அளக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் தர வேண்டும்.