காற்று நின்னா விவசாயி குத்தமா?

ஐப்பசி பிறந்தா போதும், டி.வி.யில ஒரே படம்தான். பஞ்சாப்ல வயல் எரியுது, டெல்லியில மூச்சு முட்டுது. பட்டணத்து நண்பர்கள் சில பேர் என்கிட்டயே கேக்குறாங்க, "உங்க ஆளுங்க ஏன் சார் இப்படி கொளுத்துறாங்க?"ன்னு. அவங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

தாள் எரிச்சா புகை வரும். அது டெல்லிக்கும் போகும். இல்லைன்னு நான் சொல்லல. ஆனா தாள் எரிப்பு நவம்பரோட முடிஞ்சிரும். டிசம்பர், ஜனவரியில அங்க கோதுமை பச்சையா நிக்குது. அப்பவும் டெல்லியில ஏன் இருமுறாங்க?

எங்க ஊர்ல மார்கழி விடியக்காலையில வரப்போரம் சருகைக் கொளுத்தினா புகை மேல ஏறாது. இடுப்பு உயரத்துல படுத்துக் கிடக்கும். அதே சருகை ஆடியில கொளுத்துங்க, போன இடம் தெரியாது. குளிர்கால ராத்திரியில தரை குளிர்ந்து, அதை ஒட்டின காற்றும் குளிர்ந்து கனமாகுது. அதுக்கு மேல வெதுவெதுப்பான காற்று மூடி மாதிரி உட்கார்ந்துக்குது. டெல்லியில நடக்கிறதும் இதேதான், பெரிய அளவுல. கோடையில கிலோமீட்டர் கணக்கா மேல ஏறிக் கலைஞ்சு போற புகை, குளிர்காலத்துல சில நூறு மீட்டருக்குள்ள அடைபடுது. வடக்கே இமயமலை சுவர் மாதிரி நிக்குது. காற்றும் செத்துப் போகுது. வாகனமும் ஆலையும் வருஷம் பூரா விடுற புகை, அப்பதான் கண்ணுக்குத் தெரியுது.

மும்பையைப் பாருங்க. 2022-23 குளிர்காலத்துல சில நாள் டெல்லியை விட அங்க காற்று மோசம். பசிபிக் கடல்ல லா நினா மூணாவது வருஷமா நீடிச்ச நேரம் அது. மும்பையில காற்றோட்டம் மந்தமானதுக்கும் அதுக்கும் தொடர்பு இருக்குன்னு ஆராய்ச்சியாளர்கள் சொன்னாங்க. சரி, மும்பையில எந்த விவசாயி தாள் கொளுத்தினான்?

இன்னொண்ணு. நிலத்தடி நீரைக் காப்பாத்த 2009-ல பஞ்சாப்ல ஒரு சட்டம் வந்துச்சு. ஜூன் 10-க்கு முன்னாடி நெல் நடக் கூடாதுன்னு அப்ப அது சொன்னுச்சு. நோக்கம் நல்லதுதான். ஆனா நடவு தள்ளினா அறுப்பும் தள்ளும். சரியா காற்று அடங்குற நேரத்துல வந்து அறுப்பு விழுந்துச்சு. கோதுமை விதைக்க ரெண்டு மூணு வாரம்தான் இருக்கு. மிஷின் அறுத்துட்டுப் போன தாள் வயல்ல நிக்குது. அதை எடுக்க ஆள் கூலி, மிஷின் வாடகை, டீசல் எல்லாம் யார் கொடுப்பா? அவன் நட வேண்டிய தேதியை அரசாங்கம் மாத்துச்சு. அதனால வந்த செலவை அவன் தலையில கட்டி, அபராதமும் போடுது.

குளிர்காலம் சொல்லாம கொள்ளாம வர்றதில்ல. காற்று எப்ப அடங்கும்னு வானிலைத் துறை நாலு நாள் முன்னாடியே சொல்லுது. அந்த மாசங்களுக்கு முன்னாடியே வாகனத்தை, கட்டட தூசியை, குப்பை எரிப்பைக் குறைக்கணும். தாளை அள்ள விவசாயிக்குக் காசு கொடுக்கணும். இது ரெண்டும் இல்லாம, காற்று அடிச்சா அரசாங்கத்தோட சாதனை, நின்னா விவசாயி குத்தம்னா என்ன நியாயம்?

சென்னைக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. உங்களைக் காப்பாத்துறது கடல் காற்று, உங்க ஒழுக்கம் இல்ல. 2018 போகி அன்னைக்குக் காற்று அசையல, பனியோட புகையும் சேர்ந்து விமானமே இறங்க முடியல. வர்ற போகிக்கு உங்க தெருவுல டயர் எரியாம பாத்துக்கோங்க. அப்புறம் பஞ்சாப்காரனைத் திட்டலாம்.